பாட்டியின் அட்டிகையை யாரிடம் காட்டுவது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பாட்டி இருந்த வீட்டைக் கொடுத்துவிடப் போகிறீர்கள். பரணிலும் இரும்புப் பெட்டியிலும் இருந்து கெம்பு அட்டிகை, வைரத்தோடு, காசுமாலை, தஞ்சாவூர் கிருஷ்ணர் படம், முழ உயர வெண்கல அம்மன், ஒரு வயலின், ஓலைச்சுவடிக் கட்டு, சுருக்குப்பை நிறையப் பழைய காசு எல்லாம் வந்திருக்கின்றன. மூன்று குடும்பங்களுக்குப் பங்கு. யாரிடம் காட்டினால் ஏமாறாமல் மதிப்பு தெரிந்துகொள்ளலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் ரத்தினக்கல் பரிசோதனை படித்தவன். இருபத்தைந்து வருடமாக நகை மதிப்பீடு செய்கிறேன். பாகப்பிரிவினைக்குப் பட்டியல் போடப் போன வீடுகள்தான் அதிகம். நகை என் துறை. சிலை, படம், சுவடி இவற்றுக்கு நான் விலை சொல்ல மாட்டேன். ஆனால் எதை எந்த வாசலுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில், எதையும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், உருக்காதீர்கள். அடுத்தது, நான் எல்லா வீட்டிலும் சொல்லும் ஒரே விதி: மதிப்புச் சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் வாயிலிருந்து வரும் எண், அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் எண்தான்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியம்மாவின் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். அவர் காதில் போட்டிருந்த பாம்படத்தைப் பெரியம்மா ஒரு கடையில் காட்டினார். "உள்ளே முழுக்க அரக்கும்மா, மேலே தகடுதான் தங்கம்" என்று சொல்லி, அந்தத் தகட்டின் எடைக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பாம்படம் அப்படித்தான் செய்யப்படும். மெல்லிய தங்கத் தகட்டை வளைத்து, உருட்டி, உள்ளே அரக்கு நிரப்புவார்கள். ஆனால் சதுரமும் உருண்டையும் முக்கோணமுமாக அடுக்கிய அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. எடை சரி, மாற்று (தங்கத்தின் தரம்) சரி, கணக்கு சரி, பொருள் போய்விட்டது. அந்தப் பாம்படம் உருகிய பிறகுதான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். அதனால் இந்த விஷயத்தில் என் குரல் கொஞ்சம் உயர்ந்து கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு என்பது ஒரே எண் கிடையாது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அதே வைரத்தோட்டைக் கடையில் விற்கப் போனால் ஒரு விலை. தொலைந்துபோய், அதேபோல ஒன்று வாங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு விலை. இன்சூரன்ஸ் எடுப்பவருக்கு இதுதான் தேவை. அண்ணன் தம்பிக்குள் பங்கு போட, இரண்டுக்கும் நடுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விலை. விற்று வரி கட்டுவதற்கு வேறொன்று: 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பே குடும்பத்துக்கு வந்த பொருளுக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வீட்டில் போட்டுக்கொண்ட நகைதானே, இதற்கு என்ன வரி என்று பலர் நினைக்கிறார்கள். நகை, ஓவியம், சிற்பம் இவையெல்லாம் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்துதான். இந்த வேலைக்கு வருமான வரித் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்றிதழ் வேண்டும். எனவே யாரிடம் போனாலும் "எதற்காக இந்த மதிப்பு" என்பதை முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்காமலே தொகை சொல்லும் மதிப்பீட்டாளரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

இனி அட்டிகைக்கு வருகிறேன்.

நீங்கள் "பர்மா கெம்பு என்று பாட்டி சொல்வார்" என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சாவூர், செட்டிநாட்டு வீடுகளில் நான் கேட்காத வீடு இல்லை. பர்மாவோடு வியாபாரம் இருந்த காலம், நல்ல சிவப்புக்கல் அங்கிருந்துதான் வந்தது. பாட்டி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1902இல் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்துச் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்தக் கல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆகவே நூறு வருட நகையில் செயற்கைக் கல் இருக்காது என்று நினைக்க வேண்டாம், தாராளமாக இருக்கும். கட்டிய ஆசாரிக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் இதேபோல ஒரு அட்டிகை. வாசல் திண்ணையில், வடக்குப் பார்த்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். நடுவில் இருந்த பெரிய கல்லில் பட்டு நூல் சிதறினாற்போல் மெல்லிய ஊசிகள், ஒன்றையொன்று கோணத்தில் வெட்டிக்கொண்டு. அது இயற்கைக் கல்லின் அடையாளம். பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்தால் ஊசி இல்லை. நகையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது கிராமபோன் இசைத்தட்டின் வரிகள் போல வளைந்த கோடுகள், நடுவே ஓரிரண்டு குமிழி. பூமிக்குள் வளரும் கெம்பில் கோடு நேராக இருக்கும், கோணமாகத் திரும்பும்; இப்படி வளையாது. முப்பத்தாறு கல்லில் நடுக்கல் ஒன்றும் தொங்கலில் இரண்டும் மட்டும் இயற்கை. மற்றதெல்லாம் வெர்னாய் கல், நாலைந்து வெறும் சிவப்புக் கண்ணாடி. கண்ணாடிக் கல் இருந்த இடங்கள் தாலிக்கொடி உரசும் பக்கமாக இருந்தன. உதிர்ந்த இடத்தில் யாரோ பிறகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீட்டு அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் அட்டிகையைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினேன். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் தகட்டில் ஒரு தாமரை கொத்தியிருந்தது. அணிபவரைத் தவிர யாரும் பார்க்கப் போகாத இடம். இரண்டு தாமரை ஒன்றுபோல இல்லை. உளி பிடித்த கை ஒவ்வொன்றிலும் தெரிந்தது. கல் விலை குறைந்தது உண்மை. ஆனால் அந்த நகைக்கு நான் எழுதிய தொகை, தங்கமும் கல்லும் சேர்ந்த தொகையைவிடக் கணிசமாக அதிகம். உங்கள் அட்டிகையையும் முதலில் திருப்பிப் பாருங்கள். முதுகில் வேலை இருந்தால் அதை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, மதிப்பீட்டாளர் முன் அந்தப் பக்கத்தையே முதலில் வையுங்கள்.

பழைய நகையின் தங்கக் கணக்கில் மூன்று இடத்தில் மக்கள் குழம்புகிறார்கள். ஒன்று, பின்புறம் மூடிய நகையில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடும் அரக்கும் இருக்கும். மொத்த எடையில் அதெல்லாம் சேர்ந்துதான் வரும். இரண்டாவது, துண்டுகளை ஒட்டப் பற்றவைத்த பொடி. அந்தக் காலப் பொடியில் தங்கம் குறைவு. அதனால் உரைகல்லில் 22 காரட் காட்டும் நகையை மொத்தமாக உருக்கினால் மாற்று இறங்கத்தான் செய்யும். அது ஆசாரி செய்த திருட்டு இல்லை. மூன்றாவது, இப்போது எல்லாக் கடையிலும் இருக்கும் எக்ஸ்ரே கருவி. நகையைக் கெடுக்காமல் அரை நிமிடத்தில் சதவீதம் சொல்லும், நல்ல கருவிதான். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். முலாம் பூசியிருந்தால், பொடி வைத்த இடத்தில் பட்டால், எண் மாறும். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹால்மார்க் இல்லையே என்ற கவலை வேண்டாம். தங்கத்துக்கு அந்த முத்திரை நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. பாட்டி நகையில் இன்றைய ஹால்மார்க்கின் புத்தம்புது ஆறு எழுத்து எண் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வைரத்தோடு. "ப்ளூ ஜாகர்" என்று சொல்லியிருப்பார்களே! தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கத்தின் பெயர்தான் நம் வீடுகளில் இப்படி மருவி வந்தது. நீலம் தட்டும் வெள்ளை வைரம் அங்கே கிடைத்தது. பிறகு நீலச் சாயல் தெரிந்த கல்லுக்கெல்லாம் அந்தப் பெயர் வைத்து விற்றார்கள். பெயருக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம். நிறம், தெளிவு, எடை இவற்றைப் பரிசோதனைக் கூடம் சொல்லட்டும். தோடு பின்புறம் மூடியிருந்தால் கல்லைக் கழற்றாமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. "கட்டியிருக்கும் நிலையில் தெரிந்த அளவுக்கு" என்று சான்றிதழிலேயே எழுதுவார்கள், அது சரியான வழக்கம். பழைய கல்லை மேலிருந்து பார்த்தால் நடுவில் பொட்டு வைத்தாற்போல ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்தக் காலத்தில் கல்லின் அடிக் கூர்மையைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், அதுதான் அப்படித் தெரிகிறது. குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "புதுசா பட்டை தீட்டித் தருகிறோம், ஜொலிக்கும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடையும் போகும், பழமையும் போகும்.

ஏழு கல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக வானவில் அடித்தால் அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கல் 1976 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. 1940இல் செய்த தோட்டில் அது இருந்தால், நடுவில் ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் கல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்த உண்மை தெரியவரும்போது வீட்டில் பழைய சந்தேகங்கள் கிளம்பும். "அத்தைதானே அப்போது எடுத்துப் போனாள்" என்று ஆரம்பிக்கும். எப்போது மாறியது என்று கல் சொல்லாது. நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

காசுமாலையில் முதலில் காசைப் படியுங்கள். லட்சுமி அச்சடித்த காசு என்றால் ஆசாரி செய்தது. தங்கமும் வேலைப்பாடும்தான் கணக்கு. விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் தலை இருந்தால் நிஜமான சவரனாக இருக்கலாம். சவரன் காசு 22 காரட், 7.98 கிராம். நாம் எட்டு கிராமை ஒரு சவரன் என்பது அதிலிருந்து வந்ததுதான். மறுபக்கத்தில் பெரும்பாலும் குதிரை மேல் வீரர், கீழே ஆண்டு. 1918 என்று இருந்தால் ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆங்கில ஐ எழுத்து பொடியாகத் தெரிந்தால் அது பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே வருடம்தான். காசில் வளையம் பற்றவைத்திருப்பதால் நாணயம் சேகரிப்பவர்கள் முழு விலை தர மாட்டார்கள். அதற்காக வளையத்தை அறுத்து எடுத்துவிட வேண்டாம். காசும் கெடும், மாலையும் கெடும்.

மூன்று பங்கு என்றதும் காசுமாலையை மூன்றாகப் பிரிப்பது ரொம்ப சுலபமாகத் தோன்றும். எண்ணிப் பிரித்துவிடலாம், சண்டை வராது. நான் அப்படிப் பிரித்த வீடுகளுக்குப் பின்னால் போயிருக்கிறேன். ஒருவர் கைச்செலவுக்கு விற்றிருப்பார், ஒருவர் மோதிரம் செய்திருப்பார், ஒருவர் டப்பாவில் போட்டு மறந்திருப்பார். நூற்றெட்டுக் காசு மாலை ஒன்று இருந்தது என்பதே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவர் முழுசாக எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணமாகவோ வேறு பொருளாகவோ ஈடு செய்யுங்கள். அந்த ஈட்டுக் கணக்குக்குத்தான் மதிப்பீட்டாளர் தேவை.

அவரிடமிருந்து என்ன வாங்க வேண்டும்? ஒவ்வொரு பொருளுக்கும் முன்பக்கம், பின்பக்கம் புகைப்படம், மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த எடை, கல் எத்தனை, என்ன கல், எப்படிச் சோதித்தார், அன்றைய தங்க விலை, எந்த நோக்கத்துக்கான மதிப்பு, தேதி, கையெழுத்து. "அட்டிகை 1, பழையது" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் சீட்டு எதற்கும் உதவாது. கூலியைப் பொருளுக்கு இவ்வளவு அல்லது நாளுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம், மதிப்பை ஏற்றிக் காட்ட அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. சோதனை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும். நகையை "வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள்" என்றால் எடை போட்டு, படம் எடுத்து, எழுதி வாங்காமல் வராதீர்கள்.

வெண்கல அம்மனை மதிப்புப் போடப் போகும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிலையும் ஓவியமும் தொல்பொருள். கற்சிலை, உலோகச் சிலை, ஓவியம், படம் வரைந்த சுவடி போன்றவை வீட்டில் இருந்தால் பதிவு அலுவலரிடம் புகைப்படத்துடன் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். வைத்திருப்பது குற்றமில்லை, நாட்டுக்குள் விற்கவும் வழி உண்டு. ஆனால் தொல்பொருள் வியாபாரம் செய்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் கொண்டுபோகவே முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. உங்கள் அண்ணன் நியூஜெர்சிக்கு எடுத்துப் போக ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். சிலை நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்று இந்தியத் தொல்லியல் துறை "தொல்பொருள் அல்ல" எனச் சான்று தந்தால்தான் அது நடக்கும். அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பெட்டிக்குள் புடவைக்கு நடுவில் வைத்துப் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் அம்மன் ஐம்பது வருடத்துக்கு முன் சுவாமிமலையில் வார்த்ததாகவும் இருக்கலாம், நானூறு வருடப் பழமையாகவும் இருக்கலாம். புகைப்படம் பார்த்துச் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் முகத்தைவிடப் பீடத்தையும் அடிப்பகுதியையும்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த சிலையில் மூக்கும் முழங்காலும் மார்பணியும் வழவழவென்று தேய்ந்திருக்கும், கை போகாத மடிப்பில் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். பழசாகக் காட்ட அமிலம் தடவி மண்ணில் புதைத்து எடுத்ததில் பச்சை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பீடத்தின் இருபுறமும் கழி நுழைக்கும் வளையமோ துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வீதியுலாவுக்குத் தூக்கிய உற்சவ மூர்த்தியாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் விலையை விட்டுவிட்டு, அது வீட்டுக்கு எப்படி வந்தது என்று விசாரியுங்கள். தாத்தா அறங்காவலராக இருந்து, பாதுகாப்புக்கு என்று கொண்டுவந்து, திரும்பப் போகாமலே இருந்துவிட்ட மூர்த்திகள் டெல்டாவில் உண்டு. கோயிலுடையது என்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஒருவரே போதும். கோயிலிலிருந்து திருடி, போலிக் காகிதங்களுடன் 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்றார்கள். விலை 50 லட்சம் அமெரிக்க டாலர். பெரிய நிறுவனம், நிபுணர்கள் இருந்த இடம், ஆனாலும் காகிதத்தை நம்பினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள் உண்மையைக் காட்டின. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். உங்கள் வீட்டுப் பூஜையறையில், கல்யாணத்தில், சஷ்டியப்தபூர்த்தியில் எடுத்த பழைய படங்களில் அம்மன் தெரிகிறாளா என்று தேடுங்கள். அந்தப் படம் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்தது இல்லை.

தஞ்சாவூர் படத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். தங்க ரேக்கின் மேடு சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்த கலவை. தண்ணீர் பட்டால் இளகும். புகை ஏறிக் கறுத்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். முன்பக்கம் கண்ணன் எவ்வளவு அழகு என்பதைவிட, பின்பக்கம் பலகையா பிளைவுட்டா, கைரம்பம் இழுத்த கோணல் தடமா இயந்திர ரம்பத்தின் வளைந்த தடமா, ஆணி எப்படிப்பட்டது என்பதிலிருந்துதான் காலம் தெரியும். படத்தின் மரச் சட்டத்தை நீங்களே கழற்ற வேண்டாம். சில வீடுகளில் "ஓவியம்" என்று நினைப்பது அச்சுப் படமாக இருக்கும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்களுக்கு நம் பெண்கள் ஜரிகையும் சமிக்கியும் தைத்துக் கண்ணாடி போட்டார்கள். முகத்தை லென்ஸில் பார்த்தால் அச்சின் புள்ளிகள் தெரியும். அச்சாக இருந்தாலும் பாட்டி கை வேலை தைத்த படத்துக்குத் தனி மதிப்பு உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு, செப்பனிடுதல் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள்; அங்கே 1930இலிருந்து இதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை. பொருள் என்ன, எந்தக் காலம் என்று தெரிந்த பிறகு விலைக்கு ஏல நிறுவனங்களைக் கேட்கலாம். இரண்டு இடத்தில் கேளுங்கள். அதே மாதிரிப் பொருள் முன்பு என்ன விலைக்குப் போனது என்று காட்டச் சொல்லுங்கள்.

விளக்கு, தவலை, அண்டா பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் ஏற்றும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம், அதில் தவறில்லை. பரணில் எண்பது வருடம் கிடந்ததை அமிலத்தில் முக்கிப் பளபளவென்று பாலிஷ் போடுவதுதான் கூடாது. போட்ட பிறகு புதுக் கடை விளக்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தந்தத்தில் குங்குமச் சிமிழோ வீணையில் தந்தப் பட்டையோ இருந்தால், அதை விற்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரிடமும் விலை கேட்காமல், உரிமைச் சான்று பற்றி வனத்துறையில் மட்டும் கேளுங்கள்.

வயலினுக்குள் சீட்டில் "ஸ்ட்ராடிவேரியஸ்" என்று இருக்கிறது, அண்ணன் கோடிக்கணக்கில் போகும் என்கிறார். அந்தச் சீட்டு லட்சக்கணக்கான வயலின்களில் இருக்கிறது. இத்தாலிய மேதை ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்துவிட்டார். ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் குவியல் குவியலாகச் செய்த வயலின்களில் "அவருடைய மாதிரி" என்று காட்ட அந்தச் சீட்டை ஒட்டினார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் "மேட் இன் ஜெர்மனி" இருந்தால் பேச்சே இல்லை. அமெரிக்கச் சட்டத்துக்காக 1891 முதல் நாட்டின் பெயர் போட ஆரம்பித்தார்கள். ஆனாலும் மரம் நூறு வருடம் காய்ந்திருக்கிறது. வயலின் பழுதுபார்க்கும் நல்ல ஆசாரியிடம் கொடுத்துத் தந்தி மாட்டி, ஒரு வித்வானை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாதம் நன்றாக இருந்தால் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

சுவடிக் கட்டை இழுத்துப் பிரிக்காதீர்கள். காய்ந்த ஏடு பிரிக்கும்போதே ஒடியும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் உங்களுக்குப் பக்கம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. படித்துப் பார்த்து என்ன நூல் என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஜாதகமாகவோ நிலக்கணக்காகவோ வைத்தியமாகவோ இருக்கும். நிலக்கணக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் ஊரின் வாய்க்கால் பெயரும் வயல் பெயரும் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம்.

காசுப் பையில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பழமை வேறு, அரிது வேறு. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருடப் பழமை, ஆனால் நிறையக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்க்கே கை மாறுகிறது. 1835 கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணாவும் அப்படித்தான். வெள்ளி ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். விக்டோரியா காலத்து ரூபாய் 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ராமர் பட்டாபிஷேகம், அனுமார் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்றிருக்கும் காசு கம்பெனி அடித்ததே இல்லை. பின்னாளில் யாரோ செய்த டோக்கன். அதை வைத்துத்தான், இந்தக் காசு அரிசியைத் தன் பக்கம் இழுக்கும், இதில் இரிடியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது, வெளிநாட்டில் கோடி ரூபாய்க்குப் போகும் என்று சொல்லி "ரைஸ் புல்லிங்" மோசடிக் கும்பல் வரும். சோதனைக்கு என்று முன்பணம் கேட்பார்கள். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய நோட்டு, காசு விற்க ரிசர்வ் வங்கி பெயரில் கட்டணம் கேட்டு வரும் அழைப்பும் மோசடிதான், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. அப்புறம், வீட்டைக் கொடுக்கும் முன் கொல்லையில் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அது இந்தப் பங்கில் சேராது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். பாட்டியின் தங்கை, எண்பத்தாறு வயது, திருவிடைமருதூரில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அட்டிகை யார் கல்யாணத்துக்குச் செய்தது, எந்த ஊர் ஆசாரி, வயலின் யார் வாசித்தது, அம்மன் எப்போது வீட்டுக்கு வந்தாள் என்பது அவருக்குத்தான் தெரியும். பொருள்களின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். கைப்பேசித் திரையில் அவருக்குக் கண் தெரியாது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசவிடுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள், இடையில் திருத்தாதீர்கள். மதிய வெயிலில் போக வேண்டாம், காலை காபி முடிந்த நேரம் நல்லது. மதிப்பீட்டாளருக்கு அடுத்த மாதம் நாள் குறிக்கலாம். சின்னப் பாட்டியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டு வாருங்கள்.